பன்னிரண்டாவது கண்ணாடி

"என்னங்க இது? பன்னிரண்டாவது கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கீங்க!"

ஃபாதர் போட்ட சத்தம் கோயிலின் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் அது. மேலே சிலுவை. அடியில், ஆளுக்கொரு வெள்ளைக் கண்ணாடியில், பதினாறு பெயர்கள். பதினைந்து ஒழுங்காக இருந்தன. ஒன்றில் மட்டும் எழுத்தெல்லாம் இடவலமாகப் புரண்டிருந்தது. திறந்து வைக்க ஆயர் ஆறு மணிக்கு வருகிறார். இப்போதே ஐந்தரை.

கண்ணாடிக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். "கை தவறிடுச்சு, ஃபாதர்."

"அந்தப் பையனோட வீட்டுல பார்த்தா வயிறு எரியாதா? கழட்டி மாட்டுங்க!"

"சுத்தி ஈயத்தை அழுத்தி மூடியாச்சு. இப்ப நெம்பினா பேரோட சேர்ந்து உடைஞ்சிடும்."

ஃபாதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். துணி போட்டு மூடிவிடலாமா? செத்தவன் பெயரை மூடி வைக்கவா விழா எடுக்கிறோம் என்று அவருக்கே கசந்தது. பதினைந்தைப் பழுதில்லாமல் மாட்டிய கைக்கு ஒன்றில் மட்டும் என்ன கேடு வந்தது? ஆயர் கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

கண்ணாடிக்காரரோ தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், உள் விளக்கு எல்லாத்தையும் போடச் சொல்லுங்க. வெளியில இருட்டிட்டு வருது."

"எதுக்கு? உங்க லட்சணம் பளிச்சுனு தெரியவா?"

"ஆமா ஃபாதர்" என்றவர், தானே விளக்குகளைப் போட்டுவிட்டு விடுவிடென்று வெளியே போனார்.

வேலையைக் கெடுத்துவிட்டு நழுவப் பார்க்கிறாரே! ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

எதிர்ச் சாரியில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்திருந்தார்.

ஃபாதர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். "ஏம்மா இங்க நிக்கறீங்க? உள்ள வாங்க."

"வர மாட்டேன் ஃபாதர். எம்புள்ள போர்லேருந்து திரும்பி வந்தாத்தான் அந்தப் படியை மிதிப்பேன்னு சொல்லிட்டேன். ஆறு வருஷமாச்சு."

ஃபாதர் திரும்பிப் பார்த்தார். விளக்கொளியில் பதினைந்து பெயர்கள் புரண்டு தெரிய, ஒன்று மட்டும் தெருவைப் பார்த்து நேராக நின்றது.

அம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு, கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்கண்ணன் பேரை நல்லா எழுதியிருக்கேடா."