தூங்குமூஞ்சி

"ஏங்க, இன்னிக்கு எந்த அப்பாவிக்குப் பேர் வெச்சீங்க?"

"இந்த மீசைக்காரனுக்குத்தான். யானைக்குப் பல் கட்டுறதுல கெட்டிக்காரர்னு எழுதிட்டேன்!"

ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகருக்குக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூரையே இடிந்து விழுந்தாலும் தெரியாது. நகர அருங்காட்சியகம், மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பழைய படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றியிருந்தது. பெயர் தெரியாத முகங்களுக்குக் கீழே, 'இவரைத் தெரியுமா?' என்று ஒரு கட்டம். தெரியாத ஒருத்தரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மந்திரியின் மச்சான், சிங்கத்தைக் கன்னத்தில் அறைந்தவர், ஏழு கல்யாணம் செய்தும் திருந்தாதவர் என்று பாதி ஊருக்கு வாழ்க்கை வரலாறு எழுதித் தள்ளியிருந்தார். கீழே தன் பெயரும் முகவரியும் வேறு.

"புளுகுக்கு முகவரி ஒரு கேடா?" என்றாள் மனைவி.

வாசல் மணி அடித்தது.

நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கையில் அந்தத் தளத்திலிருந்து அச்செடுத்த படம். கண்ணை மூடிய இளைஞன், கழுத்துவரை போர்வை.

"'என் உயிர் நண்பன் தூங்குமூஞ்சி. முந்தின ராத்திரி விடியவிடிய என்கூடச் சீட்டாடிவிட்டுத் தூங்குகிறான்'னு இதுக்குக் கீழ எழுதினது நீங்களா?"

"நானேதான்!"

"நான் இவனோட அக்கா. அந்த ராத்திரி இவன் யார்கூட இருந்தான்னு தெரியாமலே எனக்குத் தலை நரைச்சுப்போச்சு."

"உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்று மனைவி காதைக் கடித்தாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் கதையை இத்தனை ஆசையாக இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"தங்கமான பையன்மா! ஒரே தட்டுல சாப்பிட்டோம்."

"கூட வேற யாராவது?"

"வேற யாரு? நான் ஒருத்தன்தான்!"

"சண்டை கிண்டை...?"

"சண்டை இல்லாம சீட்டா? திருட்டாட்டம் ஆடினான். கழுத்தைப் பிடிச்சு விளையாட்டா நாலு உலுக்கு உலுக்கினேன். பய அப்படியே அசந்துட்டான்!"

மனைவி பதறினாள். "நம்பாதீங்கம்மா! இவருக்கு உங்க தம்பியைத் தெரியவே தெரியாது."

"நீ சும்மா இருடி! எனக்கா தெரியாது? அவன் கண்ணை மூடினதே என் கையிலதான்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போலீசுக்கும் அந்த ஸ்டூடியோக்காரர்தாங்க படம் எடுத்துக் கொடுப்பார். என் தம்பி இதுல தூங்கல. போர்வையை விலக்கினா கழுத்துல விரல் தடம் இருந்துது."

வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "இன்ஸ்பெக்டர் சார், உள்ள வாங்க. அவர் வாயாலயே சொல்லிட்டார்."