மாத்திரை தின்றது யார்?

சனிக்கிழமைக்குள் சீழ் வற்றாவிட்டால் காலையே எடுத்துவிட வேண்டும் என்றார் மைசூர் ஆஸ்பத்திரி டாக்டர் வைத்யநாதன். ஆணி குத்தின கால், என்னுடையது.

"லிங்கப்பா, நிஜத்தைச் சொல்லு. நான் குடுக்கற இந்தப் புது மாத்திரையை முன்னாடி எவ்வளவு தின்னிருக்கே? உன் சீழ்ல இருக்கிற கிருமி அதுக்கு நன்னாப் பழகிடுத்து. சாகவே மாட்டேங்கறது."

"சத்தியமா இல்லீங்க. மூட்டை தூக்கறவன் அந்த விலைக்கு எங்கீங்க போறது?"

"பொய் சொல்லிக் காலை விட்டுடாதே."

கடைசியில், இப்போது யாரும் சீந்தாத பழைய சல்பா மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமையே சீழ் வற்றிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போதும் மனுஷன் விடவில்லை.

"நீ தின்னலேன்னா வேற யாருய்யா தின்னது?"

"கோழிங்க."

"என்னது?"

"கோழிப் பண்ணையிலதானுங்க எனக்கு மூட்டை தூக்கற வேலை. ஆணி குத்துனதும் அந்தக் கோழி எச்சத்துலதானுங்க. சீக்கு வரக்கூடாதுன்னு மொதலாளி தெனமும் தீவனத்துல ஒரு பொடி கலக்கறாருங்க. டப்பாவுல உங்க மாத்திரை பேருதானுங்க போட்டிருக்குது. காய்ச்சல் வந்தப்ப ஒரு சிட்டிகை கேட்டேனுங்க. கோழிக்குக் குறைஞ்சுடும்னுட்டாருங்க."