ஹோசியாவின் நான்கு நிமிடம்

“இதோ வருது. எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க” என்றார் ஹோசியா பெட்வே.

அறையில் இருந்ததே மூன்று பேர். அதில் வாய் மூடாதவர் அவர் ஒருவர்தான்.

ஒலிநாடா சுற்றியது. 1961, பிலடெல்பியா, ப்ளூ லேன்டர்ன் கிளப். லூசியஸ் ஃபாரோவின் சாக்ஸபோன் ஏறி இறங்கி, கடைசியாக ஒரு சுரத்தை நீட்டி இழுத்துவிட்டு ஒதுங்கியது.

அடுத்து ஹோசியாவின் பேஸ், அந்த ஆளுயரத் தந்தி வாத்தியம். தனி.

முப்பத்து மூன்று வருஷமாக முடிவெட்டும் கடையிலும் சர்ச் வாசலிலும் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்த நான்கு நிமிடம் அது. “நான் முடிச்சப்ப லூசியஸ் கண்ணத் தொடச்சிக்கிட்டான்” என்பார். கேட்டவர்கள், “தூசி விழுந்திருக்கும்” என்பார்கள்.

லூசியஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் குழு போட்ட ஆறு இசைத்தட்டிலும் பேஸுக்குத் தனி கிடையாது. டிரம்ஸ் வாசித்த ரோஸ்கோ டிப்ஸ் மேடையில்தான் இருந்தார். ஆனால் பேஸ் தனி தொடங்கினால் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்ப் புகைப்பது அவர் வழக்கம்.

மிச்சம் ஒரே சாட்சி, மனைவி வெர்லீன். அன்று அவள் யாரோ, இவர் யாரோ. கச்சேரி முடிந்ததும் மேடையோரம் வந்து, “ஒரு சுரம் விடாம கேட்டேன்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்றாம் மாதம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது இந்த நாடா. லூசியஸ் மேல் பைத்தியமாக இருந்த தபால்காரர் ஒருவர், முன்வரிசை மேசைக்கடியில் மைக்கை ஒளித்து வைத்துப் பதிவு செய்தது. அவர் இறந்தபின் நிலவறையில் பதினோரு பெட்டி கிடைத்ததாம். இசைத்தட்டுக்காரர் வெல்டன் அதை வெளியிடப்போகிறார்.

டும். டும். டும்.

ஹோசியா கண்ணை மூடிக்கொண்டார்.

“அடியே, என் காலு போச்சுடி” என்றது ஒலிபெருக்கி.

ஹோசியா கண்ணைத் திறந்தார்.

ஒரு பெண் குரல். மைக்குக்குள்ளேயே குடித்தனம் இருப்பதுபோல அவ்வளவு பக்கத்தில்.

பேஸ் தனி தொடங்கினால்தான் சனங்களுக்கு வாய் திறக்கும். அது அவருக்குத் தெரியாததா? மீன் கேட்பார்கள், பீர் கேட்பார்கள், போன வாரச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆனால் இவள் மூச்சுவிடவே இல்லை.

“மீன் சொல்லி எம்புட்டு நேரமாச்சு? உயிரோட இருக்கிறதப் புடிக்கப் போயிருக்கானா?”

பக்கத்து நாற்காலியில் இருந்த ரோஸ்கோ தொடையில் தட்டிச் சிரித்தார். “டேய் ஹோசியா, இவ உன்ன விட நல்லா தாளம் புடிக்கிறாடா!”

“யாருடா இந்தப் பொம்பள? கையில மட்டும் கெடைச்சா…”

“இவன் எப்ப நிறுத்துவான்?” என்றாள் நாடாவில் இருந்தவள். “தோட்டத்துல குழி வெட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு.”

ஹோசியா முஷ்டியை ஓங்கியேவிட்டார்.

“எல்லாம் என் தங்கச்சி எர்னஸ்டினால வந்தது. செவப்பா இருக்கேன்னு ஆசப்பட்டு அவ ஷூவ வாங்கிப் போட்டேன் பாரு. ஒரு சைஸ் சின்னது. கடிச்சிக் கொதறுது.”

முஷ்டி ஓங்கியபடியே நின்றது.

அந்த நேரம் பார்த்து மீன் வந்துவிட்டது போலும். அவள் வாயில் எதையோ போட்டு மென்றாள். அந்த இடைவெளியில் ஏழெட்டுச் சுரங்கள் மேலே வந்தன. அடியிலிருந்து, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

ரோஸ்கோவின் சிரிப்பு நின்றது.

தனி முடிந்தது. மேடையிலிருந்து லூசியஸின் கரகரத்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “ஹோசியா பெட்வே! இதுக்கு மேல நான் என்னத்தய்யா வாசிக்கிறது?”

வெல்டன் நாடாவை நிறுத்தினார்.

“நெசமாத்தான் சொல்லியிருக்க” என்றார் ரோஸ்கோ. அவர் வாயால் இதைக் கேட்க ஹோசியா முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்தார்.

“அந்தம்மா குரல மட்டும் பிரிச்செடுக்க முடியாது, மிஸ்டர் பெட்வே. ஆனா அப்படியே போட்டுடலாம்” என்றார் வெல்டன். “ஊரே ரசிக்கும். அவங்க ஆளுங்க யாராவது கேட்டுட்டு, இது எங்க வீட்டம்மான்னு கடுதாசி போட்டாலும் போடுவாங்க.”

ஹோசியா தொப்பியைக் கையில் எடுத்து, நாலு சுற்றுச் சுற்றினார்.

“வெட்டிடுங்க.”

“குரலயா?”

“முழுசா. அந்தப் பாட்டே வேணாம். சத்தம் சரியில்ல.”

“உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?” என்று ரோஸ்கோ கத்தினார். “நாளைக்கே கடையில அத்தன பேரும் தூசின்னுதான்டா சொல்லுவானுங்க!”

“சொல்லிட்டுப் போறானுங்க.”

வீட்டில் வெர்லீன் கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். “என்னய்யா ஆச்சு? நாடாவுல நல்லா விழுந்திருக்கா?”

“சேக்கல. சத்தம் சரியில்லயாம்.”

கரண்டி மேசையில் மோதி விழுந்தது.

“எவன் சொன்னான்? நட, நானும் வர்றேன். முன்வரிசையில உக்காந்து ஒரு சுரம் விடாம கேட்டவ குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்.”

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஷூவை இழுத்தாள். ஒரு காலை நுழைத்தாள்.

ஹோசியா நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“அது எர்னஸ்டினோடது இல்லயே?” என்றார். “கடிக்கப் போவுது.”