பதினேழு தடவை பார்த்தவர்

"நாலு நாள்ல பதினேழு தடவைம்மா! வர்றான், ஒரே டெஸ்ட்டோட விலையைப் பார்க்கிறான், போறான். நம்ம ஆப் என்ன பொருட்காட்சியா?"

மேனேஜர் கேட்டது அவளைத்தான். லிஃப்ட் ஓடாததால் நாலு மாடி ஏறி வந்திருந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

எந்த டெஸ்ட்டுக்கு எந்த லேபில் எவ்வளவு என்று சொல்லும் ஆப். டெஸ்ட்டின் பெயரைத் தட்டினால் விலை வரும். விலைக்குக் கீழே 'பதிவு செய்க' என்று ஒரு பச்சைப் பட்டன். எட்டு மாதமாக அவள் வடிவமைத்தது. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இருநூறு பேருக்குச் சோதனைக்காகக் கொடுத்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு, இந்த ஆப்பைச் செய்யச் சொல்லிப் பணம் போட்ட முதலாளி வருகிறார். ஆப் ஜனங்களுக்குப் புரியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டால் இந்த வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"முதலாளி இந்தப் பதினேழைத்தான் முதல்ல கேட்பாரு. என்ன சொல்லப் போற?"

"பட்டன் தெரியாம இல்ல சார். மத்தவங்க எல்லாரும் அழுத்தியிருக்காங்களே."

"அப்போ இவனுக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"கஞ்சனா இருப்பான்க்கா," என்றான் பக்கத்து மேஜையில் இருந்த புரோகிராமர். ஆபீஸில் அவனுக்குத் 'தாடி' என்று பெயர். "எலும்பு மஜ்ஜை டெஸ்ட்டு. நாளைக்குக் கொஞ்சம் இறங்குமான்னு தினமும் வந்து பார்க்கிறான், தக்காளி வாங்கற மாதிரி."

"தேடும்போது யாருக்கு டெஸ்ட்டுன்னு போட்டிருக்கான்?" என்று அவள் கேட்டாள்.

"மனைவிக்கு."

"பொண்டாட்டிக்கா? அப்போ சந்தேகமே இல்ல, கஞ்சன்தான்," என்று மேனேஜர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ரெண்டே கால். அந்த ஆள் வந்து போன விவரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"சார், இங்க பாருங்க. விலையை அவன் நாலு செகண்டுகூடப் பார்க்கல. அதுக்குக் கீழ 'இந்தப் பரிசோதனை எதற்கு?'ன்னு ஒரு பக்கம் வச்சிருக்கேன்ல, அங்கதான் நிக்கிறான். நேத்து காலைல ஆறே முக்காலுக்கு வந்து இருபத்தாறு நிமிஷம்."

"ஒரு பக்கத்துக்கா? எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா?"

"பாத்ரூம்ல உட்கார்ந்திருப்பான் சார்," என்றான் தாடி. "குடும்பஸ்தனுக்கு வேற எங்க இருபத்தாறு நிமிஷம் கிடைக்கும்?"

மேனேஜர் மேஜையைத் தட்டினார். "புரிஞ்சு போச்சு. அதைப் படிச்சுட்டுப் பயந்துடறான். அந்தப் பக்கத்தைத் தூக்கிடு. விலை, பட்டன், அவ்வளவுதான்."

"அப்போ எதுக்குன்னே தெரியாம எடுத்துக்கச் சொல்றோமா சார்?"

"எடுத்துக்கட்டும்! உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். ஆனால் அந்த ஒரு பக்கத்துக்காக ரெண்டு டாக்டர்களிடம் நடையாய் நடந்திருந்தாள். ரத்தத்தில் எது தப்பாகத் தெரிந்தால் இந்த டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள், ஏன் தள்ளிப்போடக் கூடாது என்று வரிக்கு வரி கேட்டு எழுதியது. அதைத் தூக்கிவிட்டால் ஆப்பில் மிஞ்சுவது வெறும் விலைப் பட்டியல்தான். முகம் தெரியாத ஒருத்தன் பட்டனை அழுத்தாமல் போனதால் எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போகிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆளு கிடைச்சா நாலு கேள்வி கேட்கணும் சார். தள்ளிப்போடாதன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். படிக்கிறான், மறுபடியும் படிக்கிறான், ஆனா ஒரு பட்டனை அழுத்த மாட்டேங்கிறான். இவனைக் கட்டிக்கிட்டவ பாவம்."

"என்கிட்ட ஏன் கத்தற? அவன்கிட்டயே கேளு. சோதனைக்குச் சேர்ந்தவங்க எல்லாரும் போன் பண்ணிக் கேட்கலாம்னு சம்மதிச்சவங்கதானே? எந்த இடத்துல மாட்டிக்கிட்டான்னு அவன் வாயாலயே சொல்லட்டும். பட்டன்னு சொன்னா பட்டனை மாத்து. பக்கம்னு சொன்னா பேசாம தூக்கிடு."

தாடி பட்டியலைத் திறந்தான். அதில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். ஆபீஸ் போனில் கரகரவென்ற இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் தன் செல்போனை எடுத்தாள்.

"திட்டிடாதீங்கக்கா. நல்ல மூட்ல இருந்தா நாலு ஸ்டாராவது போடுவான்."

"திட்டல. உறைக்கிற மாதிரி ரெண்டே வார்த்தை. நீ நம்பரைச் சொல்லு."

"ஸ்பீக்கர்ல போடு," என்று மேனேஜர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "நானும் கேட்கிறேன்."

தாடி எண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

கடைசி எண்ணை அழுத்தி, கூப்பிட்டதும் எண்கள் மறைந்தன. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட மனப்பாடம் செய்யாத அந்த எண்ணின் இடத்தில், 'வீட்டுக்காரர்' என்று வந்தது: ஐந்து நாளுக்கு முன்னால் அவளுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வந்து, "ஒண்ணுமே இல்லம்மா, வெறும் சோர்வாம்" என்று சிரித்தபடி தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்.