கையெழுத்துக்கு ஓர் ஆள்

“வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வழக்கு போட்டிருக்காங்க மேடம். பதில் கொடுக்க இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு.”

மாவட்டச் சட்ட நூலகத்தின் மேசைமேல் தாள்களை வைத்துவிட்டு டெஸ்மண்ட் மூச்சு வாங்கினார். நகரப் பேருந்து ஓட்டுபவர், சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். மணி மூன்றே முக்கால்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் ‘லெனோர்’ என்று மட்டும் இருந்தது. தினம் நூறு பேர் கோபத்தோடு வந்துபோகும் இடம், அதனால் இங்கே யாரும் முழுப்பெயர் மாட்டிக்கொள்வதில்லை. முதல் தாளைப் பார்த்தவள் மறுபடியும் பார்த்தாள். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து அவர் பக்கமே தள்ளினாள்.

“எந்த வீடு சார்?”

“ஆலிவ் தெருவுல மஞ்சள் வீடு. ஆறு வருஷமா இருக்கோம். ரெண்டு பொண்ணுங்களும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது.”

அவள் முகம் வெளுத்தது. உடம்பு சரியில்லையா என்று டெஸ்மண்ட் கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, கூட வேலை பார்ப்பவர் பல் மருத்துவரிடம் போய்விட்டார், இன்று தான் ஒருத்திதான் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

போன மாதம்தான் புதுக் கணினிகள் வந்திருந்தன. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களிடம் அவை சாதாரணக் கேள்விகளாகக் கேட்டு, நீதிமன்றப் படிவத்தைத் தாமே நிரப்பிவிடும். அங்கிருந்தபடியே தாக்கலும் செய்துவிடலாம். லெனோர் அவரை அதன் முன் உட்காரவைத்து, எதைத் தட்ட வேண்டும் என்று காட்டினாள்.

முதல் நாலு கேள்விகள் சரசரவென்று ஓடின. ஐந்தாவதில் டெஸ்மண்ட் மாட்டிக்கொண்டார். வழக்கை எதிர்க்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

“இதுக்கு என்ன எழுதறது மேடம்?”

“அதை நான் சொல்லக் கூடாது சார். நாங்க வக்கீல் இல்ல. புத்தகம் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.”

புதிதாக வாங்கிய குடியிருப்போர் உரிமைப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கும் அதே பதில். தீயணைக்க வந்துவிட்டுத் தண்ணீர் எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று முணுமுணுத்தபடி அவர் புரட்டினார். பின்பக்கத்தில் அகராதி மாதிரி ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு லெனோர் நகர்ந்தாள்.

பத்து நிமிடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்கு மேல் குடியிருப்பவருக்கு அறுபது நாள் அவகாசம் கொடுக்க வேண்டுமாம். அவருக்கு வந்த கடிதத்தில் இருந்தது முப்பது.

“பாருங்க மேடம், எப்படி ஏமாத்தப் பார்த்திருக்காங்க. வீட்டுச் சொந்தக்காரங்களே குடிவரப் போறாங்களாம். சுத்தப் பொய். வீடு ஏதோ கிளேபோர்ன் குடும்ப அறக்கட்டளை பேர்ல இருக்காம், ஆறு வருஷத்துல ஒரு தடவை முகத்தைக் காட்டியிருப்பாங்களா? வாடகை வாங்கறது ஒரு கம்பெனி, விரட்டறது ஒரு வக்கீல். மனசாட்சி இல்லாத ஜென்மங்க.”

லெனோர் அச்சுப்பொறியில் தாள் வைத்தாள். ஒரு கட்டு கீழே சரிந்தது.

மணி நாலரை. எல்லாம் முடிந்தது என்று டெஸ்மண்ட் நினைத்தபோது கடைசியாக ஒரு படிவம் வந்தது. பதிலின் நகலை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு யாராவது ஒருவர் தபாலில் போட்டு, போட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். டெஸ்மண்டே போட்டால் செல்லாது.

“நீங்க போட்டுடுங்க மேடம். பெட்டி வாசல்லதான இருக்கு.”

“என்னால முடியாது சார்.”

“ஒரே ஒரு கையெழுத்துதான மேடம்.”

“முடியாது. மன்னிச்சுடுங்க.”

டெஸ்மண்டுக்கு ஆத்திரம் தாளவில்லை. ஒரு கையெழுத்துக்காகத் தன் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டுமா, விதிதான் இவர்களுக்குப் பெரிதா என்று குரல் உடையக் கேட்டார். அவள் விறுவிறுவென்று நூலகத்துக்குள் நடந்து, படித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் குனிந்து கெஞ்சினாள். இரண்டு பேர் தலையாட்டி மறுத்தார்கள். மூலையில் விவாகரத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த இமெல்டா என்ற பெண்மணிதான் எழுந்து வந்தாள்.

“வீட்டுக்காரரை வெளியே அனுப்பத்தான் நான் வந்தேன். நீங்க வீட்டுக்குள்ளயே இருக்கணும்னு வந்திருக்கீங்க. கொடுங்க இப்படி.”

உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கையெழுத்திட்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு அவருடைய பதில் தாக்கலானது. ரசீது திரையில் வந்ததும் டெஸ்மண்ட் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார்.

கிளம்பும்போது கோபம் ஆறியிருந்தது, மனத்தாங்கல் ஆறவில்லை.

“இவ்வளவு செஞ்சீங்க. அந்த ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தா என்ன மேடம்? நூலகத்து விதி அவ்வளவு பெருசா?”

“நூலகத்து விதி இல்ல சார், சட்டம். வாதி, பிரதிவாதி ரெண்டு பேரும் போடக் கூடாது.”

“பிரதிவாதி நான். உங்களுக்கு என்ன வந்தது?”

லெனோர் முதன்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அந்த அறக்கட்டளை எங்க அம்மா வச்சுட்டுப் போனது, இப்ப அது என் பொறுப்பு. வாதி நான்தான் சார்.”