ஓட்டில்லாத உறுப்பினர்

சேலத்தில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தொகுதி எல்லைகளைத் திருத்தி வரையும் ஆணையத்தின் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மக்களின் குறை கேட்கிறார்கள். சுவரில் மாட்டிய வரைபடம் மின்விசிறிக் காற்றில் படபடக்க, எடப்பாடிப் பக்கத்து ஆலங்காட்டூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சென்னியம்மாள் எழுந்து அதன் அருகே போகிறாள். களை பறித்துக் காய்த்த விரலைச் சிவப்புக் கோட்டின்மேல் வைக்கிறாள். புதிதாக வரைந்த கோடு அவள் ஊரைப் பிளந்து இரண்டு தொகுதிகளில் போட்டிருக்கிறது. “தண்ணிக்குக் கேட்டா அந்த எம்.எல்.ஏ. இவரைக் கைகாட்டுவாரு, இவரு அவரைக் கைகாட்டுவாருங்க” என்கிறாள். மேசை ஓரத்தில் அவள் ஊர்ப் பக்கத்து எம்.எல்.ஏ. மருதாசலம் ஆணையத்தின் இணை உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் திரும்புகிறாள். “ஏனுங்க, உங்களை இதுல உறுப்பினராப் போட்டது ஆருங்க?” “சபாநாயகருங்க.” “அப்படின்னா கோட்டை மாத்த உங்களுக்கு ஓட்டு இருக்குதுங்களா?” மருதாசலம் பேனா மூடியைத் திருகுகிறார். “ஓட்டு அவிய மூணு பேருக்குத்தானுங்க. அவியளை டெல்லியில போட்டாங்க. நான் பேசத்தான் முடியுமுங்க.” சென்னியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறாள். “அது போதுமுங்க. பேசுங்க. நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நான் நிக்கறேன்.” மருதாசலம் நாற்காலியைத் தள்ளி எழுந்து, ஊரைப் பிரிக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் உரக்கப் பேசுகிறார். ஒரு வார்த்தையும் புரியாமலே அவள் தலையாட்டுகிறாள். தமிழ் தெரியாத, தலை நரைத்த ஆணையத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்துக்கு வருகிறார். ஊர் எதுவரை என்று சைகையில் கேட்கிறார். சென்னியம்மாள் ஓடைக்கரையைச் சுற்றி மெல்ல நகம் ஓட்டுகிறாள். அவருடைய பென்சில் அவள் விரலுக்குப் பின்னாலேயே வருகிறது.