மோட்டார் அறைக்குப் பின்னால்

முப்பத்தேழாவது எட்டு வைத்ததும் ஆபீசர் நின்றார். இனி வலது பக்கம் திரும்பிப் பன்னிரண்டு எட்டு. அப்படிப் போனால் மோட்டார் அறைக்குப் பின்னால்தான் போய் நிற்பார்.

வயல்காரன் பெண்டாட்டி அவரோடு சேர்ந்து மனசுக்குள் எண்ணினாள்.

வரப்பில் ஊரே கூடியிருந்தது. ஊருக்கு ஒரு வயல், அந்த வயலில் ஐந்தடிக்கு ஐந்தடி ஒரு சதுரம், அதுதான் சட்டம். சதுரத்தில் பயிர் காய்ந்திருந்தால் ஊருக்கே வறட்சி நிவாரணம். காயவில்லை என்றால் ஒருவருக்கும் கிடையாது. எந்த வயல், எத்தனை எட்டு என்பதை மேலிடத்தில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு அனுப்பும். இந்த வருஷம் அது இவர்கள் வயலைப் பொறுக்கியிருந்தது.

அவள் புருஷனுக்குக் காலையிலிருந்தே மாப்பிள்ளை மிடுக்கு. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள், கருகாத தட்டை ஒன்று காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று ஆபீசரிடமே சவால் விட்டிருந்தான். மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. பாவம், பெருமைப்பட அவனுக்கு வேறு என்ன இருந்தது?

பன்னிரண்டாவது எட்டு வைத்த ஆபீசர் அப்படியே நின்றுவிட்டார். பின்னாலேயே போன புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

அறையின் பின்சுவருக்கும் வேலிப் புதருக்கும் நடுவில், நாலு பாய் விரிக்கிற இடத்தில், சோளம் ஆள் உயரம் நின்றது. பச்சை கண்ணைக் குத்தியது. கதிர்கூடப் பிடித்திருந்தது.

ஆண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நிலத்தடி ஈரம் என்றார் ஒருவர். சுவர் நிழல் என்றார் இன்னொருவர். வேண்டுமென்றே வளர்த்திருக்கிறான் என்ற முணுமுணுப்பும் காதில் விழுந்தது. கிணறு வற்றி மோட்டார் காற்றை இறைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று புருஷன் சத்தியம் செய்தான். பத்தடி தள்ளி அளக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

ஆபீசர் நல்ல மனிதர்தான். தலையைச் சொறிந்துகொண்டார்.

"நிக்கிற இடம் செல்போன்ல பதிவாகுதுங்க. ஒரு அடி தள்ளி நின்னாலும் படம் ஏறாது."

அவள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு லாரித் தண்ணீர் எட்டுக் குடம். அதில் நாலு குடம் தினமும் புருஷன் எழுவதற்குள் இங்கே வந்துவிடும். கேட்டால் குடம் ஒழுகுகிறது என்பாள். கொழுந்தன் பெண்டாட்டியான ஓரகத்தியிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். எல்லாம் செத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். விதைக்காவது ஆகட்டும் என்று பிறகு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். அத்தனை பெரிய வயலில் அந்த மூலையைத் தேடிக்கொண்டு ஒரு ஆபீசர் வருவார் என்று யார் கண்டார்கள்? ஊர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆபீசர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். வயல்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் இரண்டாவதாக ஒரு வயலை அளக்கலாம். அது காய்ந்திருந்தால் அதுவே கணக்கு. பட்டியலில் அடுத்து இருந்தது அவள் கொழுந்தனின் வயல், வரப்புக்கு அந்தப் பக்கம்.

ஆண்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அளக்கும் நாடாவைத் தூக்கிக்கொண்டு அவர்களே முன்னால் ஓடினார்கள். இப்போது மீசையை முறுக்குவது கொழுந்தனின் முறை.

அவளும் மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற ஓரகத்தியின் கையை ஆறுதலாகப் பிடித்தாள். ஓரகத்தி அவள் காதோரம் சாய்ந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக் குடமும் ஒழுகுதுக்கா."

அவள் திரும்பி வரப்பைப் பார்த்தாள். வரிசையாக நின்ற பெண்களில் ஒருத்திகூடத் தலை நிமிரவில்லை.

அங்கே ஆபீசர் எட்டு வைத்து எண்ணத் தொடங்கியிருந்தார்.